தலையில் அடிபட்டால்? அலுவலகக்காரர்களுக்கான 16 வார எம்எம்ஏ பயிற்சி

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கூடத்துக்கு ஐந்துக்கு நாலரை. அவர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு போன முதல் போட்டி இரவுக்கு ஐந்துக்கு ஒன்றரை. விளம்பரத்தில் இரண்டும் ஒரே பொட்டலமாகத்தான் வருகிறது. ஆனால் பயிற்சி ஒருவர் கையில், போட்டி வேறொருவர் கையில். பணம் கட்டும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே வேறு சில கேள்விகள் கேட்டிருப்பேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 36. சொந்த ஊர் கும்பகோணம், இங்கே வந்து 11 வருடம். பள்ளியில் கோ-கோ ஆடியிருக்கிறேன், அதற்குப் பிறகு எந்த விளையாட்டும் இல்லை. மகளுக்கு ஏழு வயதானதும் எனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பக்கத்து மேசைக்காரி அந்த விளம்பரத்தை அனுப்பினாள். எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை. அனுபவம் தேவையில்லை, வாரத்தில் நான்கு காலை, 16 வாரம் முடிந்ததும் கம்பிவலைக் கூண்டுக்குள் ஒரு நிஜப் போட்டி. கட்டணம் 1,900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "தலையில அடிபட்டா என்னடி பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சேர்வதற்கு முன் விசாரித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

அவள் பயம் வெறும் பயம் இல்லை. 2017 செப்டம்பரில் இதே ஊரில், மரினா பேயில் நடந்த முவே தாய் (தாய்லாந்தின் குத்து, உதைச் சண்டை) பிரபலங்கள் போட்டி பலருக்கு நினைவிருக்கும். 32 வயது உடற்கட்டு வீரர், நம்மவர், கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக மேடையேறினார். எதிரே ஒரு யூடியூப் பிரபலம். நடுவர் சண்டையை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் நினைவிழந்தவர், மருத்துவமனையில் இறந்துபோனார். பார்க்க அவ்வளவு வலுவான உடம்பு. 2023இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், அறநிதிக்காக நடந்த குத்துச்சண்டையில் கலந்துகொண்ட கேரளத்து மாணவர் ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். அவருக்கு வயது 23. இரண்டுமே எம்எம்ஏ இல்லைதான். ஆனால் அனுபவம் இல்லாதவர்களைக் கொஞ்ச நாள் தயார்செய்து, கூட்டத்துக்கு முன்னால் சண்டைக்கு ஏற்றும் அதே வகை நிகழ்ச்சிகள். 1988 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ளினில் கிளீசன்ஸ் ஜிம்மில், மேசை வேலை பார்ப்பவர்களுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மேற்பார்வை அதே வேகத்தில் பரவவில்லை.

நான் முதலில் போனது வேறொரு கூடம். வரவேற்பில் ஒரு பக்கத் தாளை நீட்டினார்கள். காயமோ மரணமோ நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அன்றே கிளவுஸ் மாட்டலாம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கவனக்குறைவால் மரணமோ உடல் காயமோ ஏற்பட்டால், தாளில் என்ன எழுதி வாங்கியிருந்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து ஒரு வணிகம் கழன்றுகொள்ள முடியாது. ஆகவே அந்தத் தாள் அவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்களைக் காப்பாற்றாது, என்னைக் காப்பாற்றவே காப்பாற்றாது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவதுதான் நான் சேர்ந்த இடம். அங்கே கையெழுத்துக்கு முன்னால் மருத்துவச் சான்று கேட்டார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்து, இசிஜி எடுத்து, தலையில் முன்பு எப்போதாவது அடிபட்டிருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டு எழுதித் தந்தார். ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி. கண் பரிசோதனை தனி. பெண்களுக்குப் போட்டி வாரத்தில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு என்று முதல் நாளே சொன்னார்கள். எல்லாம் சேர்த்து எனக்கு 260 வெள்ளிக்கு மேல் ஆனது. கட்டணத்தில் இது சேராது என்பதை விளம்பரத்திலேயே போட்டிருக்கலாம், அதற்காகத்தான் அரை மதிப்பெண் குறைத்தேன். என் விபத்துக் காப்பீட்டையும் அந்த வாரம்தான் எடுத்து முழுக்கப் படித்தேன். விலக்குகள் பட்டியலில் தற்காப்புக் கலைப் போட்டிகள் தெளிவாக இருந்தன. கூடம் எடுத்துத் தந்த தனிக் காப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் நகலைக் கேளுங்கள். இருக்கிறது என்று வாயால் சொல்வது போதாது.

சரி, பயிற்சி. காலை ஆறரைக்கு ஆரம்பம். எங்கள் குழுவில் 19 பேர், அதில் பெண்கள் நான்கு. வங்கி, தளவாடம், ஒரு பல் மருத்துவர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள். முதல் நான்கு வாரம் யாரும் யார் தலையையும் தொடவில்லை. எப்படி விழுவது, விழும்போது தாடையை எப்படி மார்போடு ஒட்டிவைத்துக்கொள்வது, எப்படி எழுவது. அப்புறம் டேப். தோற்றேன், விடு என்று எதிராளியின் உடம்பில் தட்டிச் சொல்வதுதான் டேப். தரையில் தட்டினால் அவருக்குத் தெரியாமல் போகலாம், அதனால் ஆள் மேலேயே தட்ட வேண்டும். இரண்டு கையும் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், அதுவும் முடியாவிட்டால் வாய்விட்டுக் கத்தலாம். எங்கள் கோச் பிலிப்பைன்ஸ்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் செய்ய வைத்தார். எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது.

மூன்றாவது வாரம் அலுப்பு போய்விட்டது. பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிப் போடும் பிடி. அது மூச்சுக் குழாயை நெரிப்பதில்லை, கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்களை அழுத்துகிறது. வலியே இல்லை. வலித்தால்தானே தட்ட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். கூடத்தின் இரைச்சல், மின்விசிறி, கோச்சின் குரல் எல்லாம் யாரோ டிவி சத்தத்தைக் குறைப்பது மாதிரி படிப்படியாகக் குறைந்தது. பார்வையின் ஓரம் பழுப்பாக மாறியது. அப்போதுதான் தட்டினேன். சரியாகப் போட்டால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும் என்று பிறகு சொன்னார். பிடித்தவள் உடனே விட்டாள், நான் எழுந்து உட்கார்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. எம்எம்ஏவுக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அன்று புரிந்தது. தலையில் ஒரு அடிகூட வாங்காமல் இங்கே ஒருவர் தோற்க முடியும்.

ஆய்வும் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கனடாவின் எட்மண்டன் நகரில் 2000 முதல் 2013 வரை நடந்த போட்டிகளின் மருத்துவப் பதிவுகளை ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் பார்த்தார்கள். ஏதாவது ஒரு காயம் பட்டவர்கள் எம்எம்ஏவில் 59.4 சதவீதம், குத்துச்சண்டையில் 49.8. ஆனால் நினைவிழந்தவர்கள் எம்எம்ஏவில் 4.2, குத்துச்சண்டையில் 7.1. பெரும்பாலும் வெட்டு, சிராய்ப்பு, வீக்கம். இதைக் காட்டிச் சேர்க்கை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அளந்தது ஒவ்வொரு போட்டி முடிந்ததும் டாக்டர் பரிசோதித்த ஆட்களை. டாக்டரே பக்கத்தில் இல்லாத கூண்டுக்கு அந்த எண்கள் பொருந்தாது.

ஆறாவது வாரம் ஸ்பாரிங், அதாவது ஜோடியோடு பயிற்சிச் சண்டை. 16 அவுன்ஸ் கிளவுஸ், தலைக்கு ஹெட்கியர், முன்னங்காலுக்கு ஷின் கார்டு, பல்லுக்கு மவுத் கார்டு. தலைக்குப் போகும் அடி 30 சதவீத பலத்தில், அதுவும் சனிக்கிழமை மட்டும், மூன்று ரவுண்டுக்கு மேல் கிடையாது. ஹெட்கியர் பற்றி கோச் சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அது புருவம் கிழியாமல், காது வீங்காமல் பார்த்துக்கொள்ளும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. அமெச்சூர் குத்துச்சண்டையிலேயே 2013இல் ஆண்கள் பிரிவில் அதை எடுத்துவிட்டார்கள். "ஹெட்கியர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில்தான் ஆட்கள் பலமாக அடிக்கிறார்கள்" என்றார்.

11ஆவது வாரம் சனிக்கிழமை. என் ஜோடி அந்தப் பல் மருத்துவர், என்னைவிட நான்கு கிலோ கூட. மூன்றாவது ரவுண்டில் நான் குனிந்து அவள் காலைப் பிடிக்கப் போனேன். அவள் ஒதுங்கினாள், அவள் இடுப்பெலும்பு என் நெற்றிப்பொட்டில் இடித்தது, அப்படியே இருவரும் சாய்ந்ததில் என் பின்தலை தரையில் மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. உடனே எழுந்துவிட்டேன். கட்டைவிரலைக் காட்டினேன், ரவுண்டையும் முடித்தேன். ஓரத்தில் போய் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. மறுபடி திருகினேன். கையில் இன்னும் 16 அவுன்ஸ் கிளவுஸ் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

கோச் அதைப் பார்த்துவிட்டார். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து இது எத்தனையாவது ரவுண்டு என்றார். இரண்டு முடிந்திருக்கிறது என்றேன். போன சனிக்கிழமை யாரோடு ஸ்பாரிங் செய்தாய் என்றார். முகம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. என் தலையிலிருந்து ஹெட்கியரைக் கழற்றினார், மடித்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "இந்தப் போட்டியில் நீ இல்லை" என்றார். அவ்வளவுதான். போஸ்டரில் என் படம் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக நிற்கிறேன் என்று வாதாடினேன். அவரே டாக்சி பிடித்து, என் வீட்டுக்காரருக்கும் போன் போட்டு, என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். மூளை அதிர்ச்சி என்று எழுதினார்கள், ஸ்கேன் தேவைப்படவில்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் உடனே திரும்பி வரச்சொல்லி வீட்டுக்காரரிடம் தாள் கொடுத்தார்கள். அன்று இரவு அவர் தூங்கவில்லை. மூன்று நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. நான்காம் நாள் அலுவலகத்தில் எக்செல் திறந்தேன், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அரை மணி நேரத்தில் மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் கோபம் இறங்கியது.

முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிட வாய்ப்பிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. போட்டி மருத்துவர்களின் சர்வதேசச் சங்கம் தலையடியால் நிறுத்தப்பட்ட சண்டைக்கு 30 நாளும், நினைவிழக்காத நாக் அவுட்டுக்கு 60 நாளும், நினைவிழந்த நாக் அவுட்டுக்கு 90 நாளும் ஓய்வு சொல்கிறது. ஓய்வு என்றால் ஸ்பாரிங்கும் கூடாது. மேசை வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. நாம் வெட்கத்தில் மறைக்கிறோம். 16 வாரம் காலை ஆறரைப் பயிற்சிக்கு எழுந்து வந்தவள், நண்பர்களுக்கு டிக்கெட் விற்றவள், தலை சுற்றுகிறது என்று தானாகச் சொல்லமாட்டாள். அதை நான் சொல்லாமலேயே கண்டுபிடிக்கிற ஒருவர் அங்கே இருந்தார். 1,900 வெள்ளிக்கு நான் வாங்கியது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த குழுவில் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், அதுவும் டாக்டர் கடிதம் கொடுத்த பிறகு.

எடைக் குறைப்பிலும் கோச் இதே மாதிரிதான். 74 கிலோவில் இருந்த ஒருவர் 70க்கு இறங்க பிளாஸ்டிக் உடுப்போடு சானாவில் உட்கார்ந்தார். கோச் அவரை 77 கிலோ பிரிவுக்கு மாற்றிவிட்டார். 2015 டிசம்பரில் மணிலாவில் 21 வயது சீன வீரர் ஒருவர் எடை குறைக்கும்போது உடலில் நீர் வற்றி இறந்தார். அதன் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், நீரை வற்றவிட்டு எடை இறக்கும் முறையையே தடை செய்து விதிகளை மாற்றியது. இவையெல்லாம் தொழில்முறை ஆட்களுக்கு நேர்ந்தவை. காலை பத்து மணிக்கு மீட்டிங் இருப்பவருக்கு இது எதற்கு?

இனி அந்த ஒன்றரை மதிப்பெண் இரவு. போட்டியை நடத்தியது வேறொரு நிறுவனம். நான் எங்கள் குழுப் பெண் ஒருத்திக்கு மூலையில் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தேன். 14 சண்டை, ஒரே டாக்டர், ஒரே ஆம்புலன்ஸ். நான்காவது சண்டையில் வேறு கூடத்துப் பையன் ஒருவன் தாடையில் அடிவாங்கித் தரையில் விழுந்தான். கைகள் தளர்ந்துவிட்டதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. நடுவர் வந்து தடுப்பதற்குள் மேலும் மூன்று குத்து. 2014இல் டொராண்டோ ஆய்வாளர்கள் தொழில்முறை எம்எம்ஏ வீடியோக்களைப் பார்த்து எண்ணியதும் ஏறக்குறைய இதுதான். நாக் அவுட் அடிக்கும் நடுவர் நிறுத்துவதற்கும் இடையே சராசரி 3.5 விநாடி, அதற்குள் தலையில் இன்னும் 2.6 அடி. பெரிய மேடையின் நடுவருக்கே அந்த நேரம் ஆகிறது என்றால், புதியவர்கள் சண்டையில் நடுவர் அதைவிட முன்னால் நிறுத்த வேண்டும்.

பையனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டாக்டர் இன்னொருவருக்குத் தையல் போட உள்ளே போனார். கூண்டுப் பக்கம் அவர் நாற்காலி காலி. வாசலில் வண்டி இல்லை. அறிவிப்பாளர் ஐந்தாவது சண்டையை அறிவித்தார், நடந்தது. ஆறாவதும் நடந்தது. ஏழாவது எங்கள் பெண்ணுடையது. கோச் அவளைக் கதவருகே நிறுத்திவைத்து, நாற்காலியைக் காட்டி, அதில் ஆள் உட்கார்ந்தால்தான் இவள் உள்ளே வருவாள் என்றார். அமைப்பாளர்களில் ஒருவர் நேரம் போகிறது என்று கெஞ்சினார். கூட்டம் விசில் அடித்தது. 20 நிமிடம். கோச் கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டரும் வந்தார், வேறு ஆம்புலன்ஸும் வந்தது. அவள் இரண்டாவது ரவுண்டில் கைப்பூட்டில் மாட்டி, உடனே தட்டி, தோற்று, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்த அமைப்பாளர்களோடு எங்கள் கூடம் அதன் பிறகு போகவில்லை.

என் போட்டி அடுத்த ஆண்டு மே மாதம், வேறு அமைப்பாளர்கள். விதிகள் சர்வதேச அமெச்சூர் சம்மேளனமான ஐஎம்எம்ஏஎஃப் பாணியில் இருந்தன. மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு. முழங்கை கிடையாது, தலைக்கு முழங்கால் கிடையாது, குதிகாலைத் திருகும் பூட்டு கிடையாது, ஷின் கார்டு கட்டாயம். அன்று காலையிலேயே எடை பார்த்தார்கள். எனக்கு 54.2, அவளுக்கு 54.9, அவளுக்கும் அதுதான் முதல் போட்டி. இரண்டு டாக்டர், ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்திருந்தார். பெண்கள் குறைவு என்பதால் எனக்குச் சரியான ஜோடி கிடைக்க இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்புக்கு நான் வருத்தப்படவில்லை.

மூன்று ரவுண்டும் போனது, புள்ளியில் தோற்றேன். கடைசி ரவுண்டில் முகத்தில் நிறைய வாங்கினேன். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, விரலைப் பின்தொடரச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். எதில் வேண்டுமானாலும் என்றார், பக்கத்திலிருந்த தமிழ்த் தாதி தலையாட்டிக்கொண்டே சரிபார்த்தார். ஒன்றுமில்லை என்றாலும் என் தாளில் 30 நாள் தலையில் அடிபடும் பயிற்சி கூடாது என்று எழுதினார். வெளியே வந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள், டாக்டர் என்ன எழுதினார் என்று கேட்டாள், படித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை கூடத்துக்குப் போனேன். கோச் ஏற்கெனவே பலகையில் என் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஜூன் தேதியைப் போட்டிருந்தார். அந்தத் தேதி வரை சனிக்கிழமைகளில் ஓரத்தில் உட்கார்ந்து ரவுண்டு மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன்.